கணக்கு வகுப்பில் வாயே திறக்காத மாணவரை உள்ளே கொண்டுவருவது எப்படி: ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கணக்கு வகுப்பில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் மாணவரைக் கவனித்ததும் புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். திடீரென எழுப்பிக் கேள்வி கேட்கிறார்கள், இல்லையென்றால் "உன்னால முடியும்" என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். இரண்டிலும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதால், இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடுகிறது.

கீழே உள்ள படிகள் 10 முதல் 15 வயது மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. வரிசையை மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொண்டுவரவும் வேண்டாம், ஒன்று பழகிய பிறகு அடுத்ததற்குப் போனால் போதும்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பெயர்ப் பட்டியல். ஒரு வாரம் முழுக்க, யார் பேசினார்கள், யாரிடம் நீங்கள் கேட்டீர்கள் என்று பெயருக்கு எதிரே கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். "விடை என்ன" என்று கேட்டதற்கு ஒரு குறி, "ஏன்" என்று கேட்டதற்கு வேறு குறி. வாரக் கடைசியில் பட்டியலைப் பார்த்தால் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் எல்லோரிடமும் சமமாகக் கேட்கிறோம் என்றுதான் எல்லா ஆசிரியர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "ஏன்" என்ற கேள்வி அதே நாலைந்து பேருக்கு மட்டும் போயிருக்கும். மற்றவர்களிடம் கேட்டதெல்லாம் ஒற்றைச் சொல் விடைகளாக இருக்கும்.

அடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து இரண்டு கேள்விகள்: "இந்த வகுப்பில் எப்போது பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றும்? எது நடந்தால் பேசத் தோன்றும்?" கணக்குப் பிடிக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். "பிடிக்கும்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இது தவிர எல்லோருக்கும் கையளவு அழிக்கும் பலகைகள் (வெறும் பாதித் தாளும் போதும்), பெயர் எழுதிய சீட்டுகள், படி 5-இல் சொல்லப்போகிற மாதிரிக் கேள்விகள் ஒரு பத்து. கேள்விகளை வகுப்புக்குள் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால் பழைய கேள்விகள்தான் வாயில் வரும்.

2. பயமா, பாக்கியா என்று பிரித்துப் பாருங்கள்

பேசாத எல்லோருக்கும் பயம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போர்டில் எழுதியது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். வார்த்தைக் கணக்கின் மொழி புரியாமல் இருக்கலாம், எண்களை மட்டும் கொடுத்தால் கடகடவென்று போட்டுவிடுவார். முதலில் இவற்றைச் சரிபாருங்கள், ஏனென்றால் இடத்தை மாற்றிப் போட்டாலே தீர்ந்துவிடும் பிரச்சினைக்கு மாதக்கணக்கில் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், முன் வகுப்புகளின் பாக்கி. மார்க் இல்லாமல், தனியாக உட்காரவைத்து, நான்கு கணக்குகள் கொடுங்கள்:

52 − 27
0.35, 0.4 இரண்டில் எது பெரியது?
1/2 + 1/3
−5 − 3

விடையை விட, எப்படிப் போட்டார் என்பதைச் சொல்ல வையுங்கள். முதல் கணக்கில் 35 வந்தால், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறார், கடன் வாங்குவது ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. 0.35 பெரியது என்றால், புள்ளிக்கு அப்புறம் இருப்பதை முழு எண்ணாக, 35, 4 என்று படிக்கிறார். 2/5 என்றால் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிட்டார். கடைசியில் +8 வந்தால் "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற விதியைப் பெருக்கலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

இவற்றில் எதுவும் கவனக்குறைவு அல்ல. எல்லாமே எங்கோ ஓரிடத்தில் சரியாக வேலை செய்த ஒரு விதியை இன்னோர் இடத்தில் போட்டதால் வருவது. இதை மாணவரிடமே சொல்லுங்கள்: "நீ யோசித்துத்தான் போட்டிருக்கிறாய், விதி மட்டும் இடம் மாறிவிட்டது." தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, மூளை எங்கே வேலை செய்தது என்று காட்டுவது எந்தப் பாராட்டையும் விட மேல். கூடவே அவரே சரிபார்க்க ஒரு வழியும் கொடுங்கள். 2/5 என்பது அரையை விடக் குறைவு, அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையை விடக் குறைவாக எப்படி வரும்?

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நம்பிக்கை ஊட்டப் போனால், அடுத்த டெஸ்ட்டில் அது உடைந்துவிடும்.

3. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள்

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவுக்கே காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். அவர் சொன்ன இன்னொரு இடைவெளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மாணவர் பதில் சொன்ன பிறகும் உடனே "சரி" என்றோ "தப்பு" என்றோ பாயாமல் காத்திருப்பது.

கணக்கில் இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், பயம் யோசிக்கும் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. ஆஷ்கிராஃப்ட், கிர்க் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கணக்குப் பயம் உள்ளவர்களுக்கு, இடைப்பட்ட எண்களை மனதில் பிடித்துவைக்கும் திறன் கணக்குப் போடும் நேரத்தில் குறைந்துபோகிறது. ஆகவே அவசரப்படுத்தினால் தெரிந்த கணக்கும் தெரியாமல் போகும்.

செய்முறை எளிது: கேள்வி கேளுங்கள், யாரும் கை தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். கைதூக்கலை நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் கை மேலே போன நொடியில் வகுப்பில் பாதிப் பேர் யோசிப்பதை விட்டுவிடுவார்கள், "அவன் சொல்லிடுவான்."

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அதே கேள்வியை வேறு வார்த்தைகளில் திரும்பக் கேட்பது. யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அது இரண்டாவது கேள்வி. பழைய நூல் அறுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பாருங்கள்.

4. முதலில் தாள், அப்புறம் பக்கத்து ஆள், கடைசியில்தான் வகுப்பு

தனியாக யோசி, ஜோடியாகப் பேசு, பிறகு எல்லோருக்கும் சொல் என்ற இந்த முறையை 1981-இல் ஃபிராங்க் லைமன் எழுதினார். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இது தெரியும், ஆனால் முதல் பகுதியை விட்டுவிட்டு நேரே "பக்கத்துல பேசுங்க" என்று போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் ஜோடியில் வேகமானவர் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் எழுத வைத்தால், கையில் ஏதோ ஒன்றோடு பேச்சுக்கு வருவார்கள். அரைகுறையாக இருந்தாலும் அது அவருடையது.

எழுதும் நேரத்தில் நீங்கள் வகுப்பைச் சுற்றி வாருங்கள். பேசாத மாணவரின் தாளில் நல்ல ஒரு வரி இருந்தால், குனிந்து மெதுவாக, "இந்த வரியை எல்லோருக்கும் காட்டலாமா? நீ சொல்கிறாயா, நான் எழுதட்டுமா?" என்று கேளுங்கள். முதல் சில முறை "நீங்களே எழுதுங்க" என்பார். எழுதுங்கள். தன் வரி போர்டில் நிற்பதையும், வகுப்பு அதைப் பற்றிப் பேசுவதையும் பார்த்த பிறகு ஒருநாள் அவரே எழுந்து சொல்வார். அந்த நாளை நீங்கள் முன்னால் இழுக்க முடியாது.

இது பழகிய பிறகு பெயர்ச் சீட்டு எடுங்கள். சீட்டில் வந்தவர் "இன்னும் யோசிக்கிறேன்" என்று சொல்லலாம், அது அவர் உரிமை. ஆனால் நீங்கள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு அவரிடம் திரும்பி வரவேண்டும், "இப்போது கேட்டதில் எது உனக்குச் சரியாகப் படுகிறது?" என்று. திரும்பி வராவிட்டால் அந்த வாக்கியம் தப்பிக்கும் வழியாகிவிடும். மாணவர்கள் ரொம்பச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

5. எல்லோரும் நுழையக்கூடிய கணக்காகக் கொடுங்கள்

ஒரே விடை, ஒரே வழி உள்ள கணக்கு என்றால் தெரிந்தவர் பேசுவார், தெரியாதவர் காத்திருப்பார். எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் இது மாறாது, ஏனென்றால் உள்ளே வர வேறு கதவே இல்லை. எனவே கேள்வியையே மாற்ற வேண்டும்.

பாடப்புத்தகக் கணக்கைத் தலைகீழாகத் திருப்புவதே சுலபமான வழி. "நீளம் 8, அகலம் 4, சுற்றளவு என்ன?" என்பதற்குப் பதில், "சுற்றளவு 24 உள்ள செவ்வகங்கள் வரையுங்கள், எதற்குப் பரப்பளவு அதிகம்?" முதல் செவ்வகம் வரைய யாராலும் முடியும். 10-க்கு 2 என்று ஒருவர், 7-க்கு 5 என்று இன்னொருவர். பட்டியல் போட்டால் பரப்பளவு 11, 20, 27, 32, 35, 36 என்று ஏறும். 36-இல் சதுரம் வந்து நிற்கும். வேகமானவர்கள் அங்கேயே முடித்துவிட மாட்டார்கள், "5.5, 6.5 போட்டால்?" என்று கேளுங்கள், 35.75 வரும், ஏன் 36-ஐத் தாண்டவில்லை என்ற கேள்வி அவர்களை அடுத்த அரைமணி பிடித்து வைக்கும். கணக்கு ஒன்றுதான், ஆனால் மெதுவானவரும் வேகமானவரும் ஒரே போர்டைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

சராசரிக்கும் இப்படியே: "ஐந்து எண்களின் சராசரி 8, அந்த எண்கள் என்னவாக இருக்கலாம்?" ஐந்தும் 8 என்று சொல்பவர் சரியாகச் சொல்லிவிட்டார், அவர் கேலிக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு "அதில் ஒன்று 20" என்று ஒரு நிபந்தனை சேருங்கள். பின்னத்துக்கு, 1/3-க்கும் 1/2-க்கும் நடுவே இரண்டு பின்னங்கள். மனக்கணக்குக்கு 18 × 5: ஒருவர் 50 + 40 என்பார், ஒருவர் 100 − 10 என்பார், ஒருவர் 9 × 10 என்று மாற்றுவார். மூன்றையும் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, சொன்னவர் பெயரையும் எழுதுங்கள்.

செய்யக் கூடாதது: மெதுவானவர்களுக்கென்று தனியாக எளிய தாள். யார் யாருக்கு எந்தத் தாள் என்பது ஒரே நாளில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். எளிய தாள் வாங்கிய பிள்ளைக்கு அதில் உள்ள கணக்குகளை விட, அந்தத் தாள் தனக்கு வந்தது என்பதுதான் மனதில் நிற்கும். உதவி தேவையென்றால் அதே கணக்குக்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடிய குறிப்புச் சீட்டுகளை மேசையில் வைத்துவிடுங்கள்.

6. தப்பான விடை வந்ததும் என்ன செய்கிறீர்கள்

இந்தப் படியில்தான் வகுப்பு உங்களை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

விடைகள் எல்லாவற்றையும், முகத்தில் எதுவும் காட்டாமல், போர்டில் எழுதுங்கள். (3 + 4)² என்ன என்று கேட்டால் 25-ம் வரும், 49-ம் வரும். இரண்டையும் எழுதிவிட்டு, "25 எப்படி வந்திருக்கும்?" என்று கேளுங்கள், "யார் சொன்னது" என்று கேட்காதீர்கள். 9 + 16 என்று யாராவது சொல்வார்கள். பிறகு பக்கம் 7 உள்ள ஒரு சதுரம் வரைந்து, இரண்டு பக்கங்களையும் 3, 4 என்று பிரியுங்கள். உள்ளே 9 உள்ள சதுரமும் 16 உள்ள சதுரமும் தெரியும். மீதி இடம்? 3-க்கு 4 என்று இரண்டு செவ்வகங்கள், 12-ம் 12-ம். விட்டுப்போன 24 அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. 25 என்று எழுதியவர்தான் அந்தப் பாடத்தைத் திறந்துவிட்டார், அதைச் சொல்லியும் காட்டலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, மனம் நோகக் கூடாது என்று "நல்ல முயற்சி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவது. தப்பு அப்படியே நிற்கும், சொன்னவருக்கும் தான் ஒதுக்கப்பட்டது புரியும். தப்பிலிருந்து கிளம்பிச் சரியான இடம் வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் நகர வேண்டும், முடிந்தால் அவர் வாயாலேயே. இன்னொன்று, தப்பாக இருக்கும்போது மட்டும் "ஏன்?" என்று கேட்பது. இரண்டே நாளில் "ஏன்" என்றால் தப்பு என்று அர்த்தமாகிவிடும், கேட்டதுமே விடையை அழிப்பார்கள். சரியான விடைக்கும் அதே குரலில் ஏன் என்று கேளுங்கள்.

யாராவது சிரித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நீளமான உபதேசம் தேவையில்லை, "இங்கே விடைக்குச் சிரிப்பதில்லை" என்ற ஒரு வரி போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் அது வரவேண்டும்.

இன்னும் கூச்சம் போகாத வகுப்பென்றால், தாள்களை வாங்கிக்கொண்டு, சுவாரசியமான ஒரு தப்பை உங்கள் கையெழுத்தில் எழுதிக் காட்டுங்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் மூலத்தாளைக் காட்டவே கூடாது.

7. பாராட்டுக்கு இப்போதுதான் நேரம்

இதை ஏழாவதாக வைத்ததற்குக் காரணம், இதற்கு முன் பாராட்ட உண்மையான விஷயம் இருந்திருக்காது. இப்போது இருக்கிறது.

"புத்திசாலி" என்ற சொல்லைத் தவிருங்கள். முல்லர், டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து ஒரு கடினமான தாளில் சறுக்கியதும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களை விடச் சீக்கிரம் விட்டுக்கொடுத்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான், சரியாகப் போட்டால் புத்திசாலி என்றால் தப்பாகப் போட்டால் நான் யார்?

அதற்காக எல்லாவற்றுக்கும் "நல்லா முயற்சி பண்ணே" என்றாலும் வேலைக்காகாது. பிள்ளைகள் அதை ஆறுதல் பரிசாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள்: "பட்டியலை வரிசையாகப் போட்டாய், அதனால்தான் விட்டுப்போன செவ்வகம் கண்ணில் பட்டது." எலிசபெத் கோஹன் குழு வேலை பற்றிய தம் ஆய்வுகளில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். மதிப்புக் குறைவாகப் பார்க்கப்படும் மாணவர் செய்ததை எல்லோர் முன்னாலும், குறிப்பாக, அது ஏன் அந்தக் கணக்குக்கு உதவியது என்று சொல்ல வேண்டும் என்றார். அது உண்மையாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். இல்லாததைச் சொன்னால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

8. குழு வேலை

இதை முதல் வாரமே ஆரம்பிப்பவர்கள் அதிகம். முன்னால் சொன்ன படிகள் பழகாமல் குழு போட்டால், வகுப்பில் பேசாதவர் குழுவிலும் பேச மாட்டார்.

மூன்று பேர், ஒரு பேனா. சீட்டுக் குலுக்கி, வகுப்பின் கண் முன்னாலேயே பிரியுங்கள், அப்போதுதான் "என்னை ஏன் இவங்களோட போட்டாங்க" என்ற சந்தேகம் வராது. பேனா வைத்திருப்பவர் தன் யோசனையை எழுதக் கூடாது, மற்றவர்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பேனா கை மாறும். முடிந்ததும் யார் விளக்குவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள், மூவருக்கும் புரிந்திருக்க வேண்டும் என்ற அக்கறை அதிலிருந்துதான் வரும்.

நன்றாகப் போடுபவரையும் சிரமப்படுபவரையும் நிரந்தர ஜோடியாக உட்காரவைப்பது பார்க்க நல்ல யோசனை மாதிரி இருக்கும். ஒருவர் எப்போதும் சொல்லிக்கொடுப்பவர், மற்றவர் எப்போதும் கேட்பவர் என்று ஆகிவிடும், வேண்டாம். உதவி கேட்டு உங்களை அழைத்தால் அவர் கையிலிருக்கும் பென்சிலை வாங்கி எழுதிக் காட்டாதீர்கள். கேள்வி கேளுங்கள், குறிப்பு கொடுங்கள், பென்சில் அவரிடமே இருக்கட்டும்.

9. டெஸ்ட்டும் மார்க்கும்

எட்டுப் படிகளில் கட்டியதை ஒரு விடைத்தாள் விநியோகம் கலைத்துவிடும். மார்க்கைச் சத்தமாகப் படிக்காதீர்கள், மார்க் வரிசையில் தாளைக் கொடுக்காதீர்கள், மார்க் வரிசையில் உட்கார வைக்கவே வைக்காதீர்கள்.

ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் சில பிள்ளைகளுக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் வேலையும் மேலாக இருந்தன. இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை, மார்க்கைப் பார்த்ததும் குறிப்பை யார் படிப்பார்கள்? மார்க் போட்டே ஆகவேண்டிய பள்ளி என்றால், தாளைக் குறிப்போடு முதலில் கொடுங்கள், திருத்தி எழுத ஒரு நாள் விடுங்கள், மார்க் அப்புறம் வரட்டும்.

வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓடும் கடிகாரத்தோடு எல்லோர் முன்னாலும் சோதிப்பது வேகத்தைத்தான் அளக்கிறது. தினமும் சில நிமிடப் பயிற்சி, ஒவ்வொருவரும் தன் முந்தைய தாளோடு மட்டும் ஒப்பிட்டுக்கொள்வது, அது போதும்.

10. நாக்கில் வரும் சில வாக்கியங்கள்

"இது ரொம்ப ஈஸி" வேண்டாம். போட்டுவிட்டால் பெருமையில்லை, போடாவிட்டால் அவமானம். "இதுகூடத் தெரியாதா"வைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. "பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு அவ்வளவாக வராது" என்பதை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். ஆறுதலாகச் சொல்லப்படும் "கணக்கு எல்லாருக்கும் வராது, விடு" என்பதும் அதே கணக்குதான், கதவைச் சாத்திவிடுகிறது. வீட்டில் "எனக்கும் கணக்கு வராதும்மா" என்று சொல்லும் பெற்றோரிடம் பேசும்போது, வீட்டுப்பாடத்தைப் போட்டுக்கொடுக்க வேண்டாம், "எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும் என்று சொல்லுங்கள். அதற்கு அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

11. வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஆறு வாரம் கழித்து அதே பெயர்ப் பட்டியலை எடுத்து மறுபடி ஒரு வாரம் கோடு போடுங்கள். மார்க்கை இப்போதே பார்க்காதீர்கள், அது மெதுவாகத்தான் வரும். முதலில் மாறுவது கேள்விகள்: "புரியலை" என்று சொல்பவர்கள் அதிகமாவார்கள், அதைப் பார்த்து வகுப்பு மோசமாகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், முன்பும் புரியாமல்தான் இருந்தது, சொல்லவில்லை. "மூன்றாவது வரி புரியலை" என்று இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தால் அது இன்னும் பெரிய முன்னேற்றம். தாள்களில் அழித்த இடங்கள் குறைந்து, அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதிய இடங்கள் கூடும்.

எழுதுகிறார்கள், ஆனால் வாய்திறக்கவில்லை என்றால் படி 4-இல் அவசரப்பட்டிருக்கிறீர்கள். பேசுகிறார்கள், ஆனால் தெரிந்ததை மட்டும் பேசுகிறார்கள் என்றால் படி 6-ஐப் பாருங்கள், பெரும்பாலும் உங்கள் முகம் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும். இத்தனைக்குப் பிறகும் ஒரு பெயருக்கு எதிரே ஒரு கோடுகூட இல்லை என்றால், வகுப்பு முடிந்ததும் அவரோடு தனியாக உட்கார்ந்து படி 2-இல் உள்ள நான்கு கணக்குகளோடு, அவருடைய இப்போதைய பாடத்திலிருந்து இன்னும் இரண்டைச் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.